மாத்திரை எதற்கு: இரைச்சலுக்கா, ராத்திரிக்கா?

மார்கழியிலும் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடும். தண்டையார்பேட்டையில் அந்த மாதத்து விடியற்காலைக் கடல்காற்றுக்கே கை கால் சில்லிட்டுப் போகும். அம்மா இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருப்பார். நைனாவின் தலைமாட்டில் ஸ்டாண்டு ஃபேன் முழு வேகத்தில் கடகடத்துக்கொண்டிருக்கும். யாராவது நிறுத்தினால் அடுத்த நிமிடமே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்தக் கடகடப்புக்காகத்தான் ஃபேன் ஓடுகிறது, காற்றுக்காக இல்லை என்று எங்களுக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

நைனா காசிமேட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக லாஞ்சு எஞ்சின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் படகுக்காரர்களுக்கு ஓய்வு. எஞ்சின் வேலைக்காரர்களுக்கோ அதுதான் சீசன். படகு கரையேறியதும் எஞ்சினைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத எஞ்சின் அறைக்குள் இறங்கி, ஓடும் எஞ்சினின் பக்கத்தில் காதை வைத்து, எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய தொழில் கெட்டிக்காரத்தனம். அப்படி ஒரு தடைக்காலம் முடிந்த வாரத்தில்தான் சொன்னார்: “எஞ்சினை ஆஃப் பண்ணிட்டேம்மா, சத்தம் மட்டும் நிக்க மாட்டேங்குது.”

இந்தச் சத்தத்துக்கு எங்கள் பக்கம் ஆளுக்கொரு பெயர். காது ஙொய்ங்குது என்பார்கள். சிலருக்கு அது குக்கர் விசில், சிலருக்குச் சில்வண்டு, சிலருக்கு ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ. மருத்துவத்தில் டின்னிடஸ், தமிழில் காதிரைச்சல். வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் கேட்கும் ஒலி. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்காவது ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. பெரும்பாலோர் பழகிவிடுகிறார்கள். ஒரு சிலருக்கு மட்டும் அது தூக்கத்தைத் தின்று, வேலையைத் தின்று, வாழும் ஆசையிலும் வாய் வைக்கிறது. நான் எழுதுவது அந்தச் சிலருக்காக, அவர்கள் கையில் இருக்கும் மாத்திரை அட்டைக்காக. எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு என்று அவர்களை உட்காரவைத்து யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதால் வரும் கேடு இரைச்சலின் கேட்டுக்குக் குறைந்ததில்லை. அதை வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் பட்டாணி அளவு உறுப்பு காக்ளியா. அதனுள் உள்வரிசையில் சுமார் 3,500 மயிரிழைச் செல்கள், வெளிவரிசைகளில் சுமார் 12,000. காற்றின் அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுவது இவைதான். கையில் வெட்டுப்பட்டால் தோல் மூடிக்கொள்ளும். மனிதக் காதில் இந்தச் செல் ஒன்று செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழில் சுகாதாரக் கணக்குகளில் ஒன்று. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான். டீசல் எஞ்சின் அறை 100-ஐச் சாதாரணமாகத் தொடும். பேசின் பிரிட்ஜ் பக்கத்து லேத் பட்டறைகள், எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹாரனை விடாமல் அழுத்தும் கண்டெய்னர் லாரிகள், சாவு ஊர்வலத்தில் காதோடு காதாக வெடிக்கும் சரவெடி என்று வடசென்னை தன் காதை ஏகப்பட்ட இடத்தில் செலவழிக்கிறது.

செல் செத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடுகிறது? 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்கும் திறன் நன்றாக இருந்த 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். என்ன கேட்கிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். அறையில் எந்த ஒலியும் இல்லை. ஆனாலும் 94 சதவீதம் பேர் ரீங்காரம், விசில், இரைச்சல் என்று ஏதோ ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். கேட்பது காதில் முடிகிற வேலை இல்லை என்பதற்கு இதைவிட எளிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. உள்ளே வரும் ஒலி குறைந்துபோனால் மூளை சும்மா இருப்பதில்லை, ஒலியளவைத் தானே கூட்டிவைத்துத் தேடுகிறது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்கவில்லை என்று வால்யூமைத் திருகினால் இரைச்சல்தானே கூடும்? ஏறக்குறைய அதே சங்கதிதான். கால் துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத பாதம் வலிப்பதைப் போல, காது இழந்த ஸ்வரத்தை மூளை தானே வாசித்துக்கொள்கிறது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கேட்கும் திறனை அளக்கும் ஒலிமானியை வைத்து, உங்கள் இரைச்சலுக்கு ஈடான சத்தம் எது என்று பொருத்திப் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது அவர்களால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலியைவிடப் பத்து டெசிபல்கூடக் கூடுதலாக இருப்பதில்லை. இலை அசையும் அளவு. அதே அளவு இரைச்சலோடு ஒருவர் மீன் ஏலத்தில் கூவிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் இரவெல்லாம் மொட்டை மாடியில் நடக்கிறார். பாதிப்பை அளக்கும் 25 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று 1996 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் வரும் மதிப்பெண்ணுக்கும் சத்தத்தின் அளவுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. தூக்கம், பயம், மனச்சோர்வு இவற்றோடுதான் சம்பந்தம். சத்தத்தை ஆபத்து என்று மூளை ஒருமுறை எழுதிக்கொண்டால் பிறகு அதை விட்டுக் கண்ணை எடுக்காது. கவனித்தால் பயம், பயந்தால் தூக்கமில்லை, தூங்காவிட்டால் மறுநாள் சத்தம் இன்னும் பெரிது. மாத்திரை இந்தச் சுற்றில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி. சத்தத்தையா, சத்தத்தின் மேல் நமக்கிருக்கும் பயத்தையா?

சத்தத்தையே அணைக்கும் மருந்து உண்டா என்றால், ஒரு கதை இருக்கிறது. காது ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனி, 1935-இல் நோயாளிகளின் மூக்கில் மரத்துப்போக ஊசி போட்டபோது சிலருடைய காதிரைச்சல் நின்றுபோனதைக் கவனித்தார். பின்னாளில் அதேபோல் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னை ரத்தக்குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். பலருக்கு இரைச்சல் தணிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். தினமும் போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி இல்லை, இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். அதே குடும்பத்து மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததிலும் பக்கவிளைவுதான் மிஞ்சியது. ஆனால் இரைச்சல் அணைக்க முடியாத நெருப்பு இல்லை, இன்னும் சரியான சுவிட்ச் கைக்கு வரவில்லை என்பது அதில் தெரிந்தது. இன்றுவரை காதிரைச்சலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் நம் ஊர்ச் சீட்டில் எழுதிக்கொடுப்பதெல்லாம் என்ன? நைனாவின் பிஸ்கட் டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது நான்கு வகை அட்டை விழுந்தன. முதலாவது பீட்டாஹிஸ்டின், ஜனங்கள் தலைசுத்தல் மாத்திரை என்பார்கள். மெனியர் நோயில், அதாவது தலைசுற்றலும் காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து வரும் நோயில், கொடுக்கப்படுவது. வெறும் இரைச்சலுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2020-இல் வெளிப்படையாகவே எழுதியது. இரண்டாவது கின்கோ பைலோபா, ஒரு மரத்தின் இலைச் சாற்றில் செய்வது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில் 1,121 பேர் கலந்துகொண்டு, பாதிப் பேர் கின்கோவும் மீதிப் பேர் மருந்தே இல்லாத போலி மாத்திரையும் 12 வாரம் சாப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பலன் ஒன்றேதான். மூன்றாவது நரம்பு மாத்திரை, அதாவது பி12 கலந்த சத்து மாத்திரை. உடம்பில் பி12 குறைந்திருந்தால் அதற்காகச் சாப்பிடலாம், இரைச்சலுக்கு என்று நினைத்துச் சாப்பிட வேண்டியதில்லை. கரோவெரின் என்று இதற்கென்றே விற்கும் மருந்தும் உண்டு. முதலில் வந்த ஆய்வு நம்பிக்கை கொடுத்தது, திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி கின்கோ, மெலடோனின், துத்தநாகம் எல்லாவற்றையும் இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இந்த மாத்திரைகள் பெரிய கெடுதல் செய்வதில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். மாதம் ஆயிரத்துச் சொச்ச ரூபாய், நாள்கூலிக்காரர் வீட்டில் அது கெடுதல்தான்.

நான்காவது அட்டைக்கு வரும் முன் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

மருந்து உண்மையிலேயே காதைக் காப்பாற்றும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, கூடவே இரைச்சல். இதற்குப் பெயர் திடீர்ச் செவிட்டுத்தன்மை. இது அவசரம். ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். எங்கள் தெருவில் இந்த இரண்டு வாரமும் எப்படிக் கழியும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் அழுக்கு அடைத்திருக்கும் என்பார்கள். இரண்டாம் நாள் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றுவார்கள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து. அப்புறம் திருவிழா, சம்பள நாள், அதன் பிறகு ஆஸ்பத்திரி. அதற்குள் காது போய்விடும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து டொக் டொக் என்று கேட்டாலோ, கூடவே முகம் கோணினாலோ அதுவும் தள்ளிப்போடக் கூடாதது. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இரைச்சலைக் கொடுக்கும் மருந்துகள். வலிக்கு அதிக அளவில் ஆஸ்பிரின் சாப்பிட்டால் காது இரையும், நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகள், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் இவை மயிரிழைச் செல்லையே கொல்லும். காசநோயை அருகில் பார்த்த ஊர் இது. ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை வரிசையில் யாராவது ஒருவருக்காவது நிற்காத குடும்பம் எங்கள் வட்டாரத்தில் குறைவு. மறுசிகிச்சைக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், மருந்துக்கு மசியாத காசநோய்க்கு கனாமைசின் ஊசியும் போட்ட காலம் இருந்தது. உயிர் பிழைத்தவர்களில் சிலர் காதைக் கொடுத்துவிட்டுத்தான் பிழைத்தார்கள். கனாமைசின் இனி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டியில் சொன்ன பிறகு சிகிச்சை வாய்வழி மாத்திரைகளுக்கு மாறிவிட்டது. ஆனாலும் அன்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். இரைச்சல் என்று டாக்டரிடம் போனால் பழைய ஊசிகளையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அதேபோல் இப்போது சாப்பிடும் மருந்தால் காது இரைகிறது என்று தோன்றினால், தானாக நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

இனி நான்காவது அட்டை. குளோனசெபாம் 0.5 மில்லிகிராம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் “பத்து நாளைக்கு, ராத்திரி ஒண்ணு” என்று எழுதிக்கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று சொல்லவில்லை. முதல் ராத்திரியே நைனா ஃபேன் இல்லாமல் தூங்கினார். காலையில் எழுந்து, “இன்னா மாத்திரைமா அது, எஞ்சினே நின்னுபோச்சு” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் ஒரு வருடம் நாங்கள் பார்த்திருக்கவில்லை. பத்து நாள் முடிந்ததும் அதே பழைய சீட்டைக் காட்டி ஒரு கடையில் வாங்கினார். பிறகு சீட்டே தேவைப்படவில்லை. பதினான்கு மாதம் ஓடியது. ஒன்று இரண்டானது.

குளோனசெபாம், அல்பிரசோலாம், டயஸிபாம் எல்லாம் பென்சோடயசிபைன் குடும்பம். மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் ரசாயனத்தின் வேலையைத் தூக்கிவிடுபவை. கூட்டிவைத்த வால்யூமைக் கொஞ்சம் குறைப்பதும் இவற்றால் நடக்கலாம் என்பதால் இவற்றுக்கு இரைச்சலோடு நிஜமாகவே ஒரு சம்பந்தம் இருக்கிறது. 1993-இல் அல்பிரசோலாமை 40 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். ஆய்வை முடித்தவர்களில் மருந்து சாப்பிட்ட 17 பேரில் 13 பேருக்கு இரைச்சல் குறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்ட 19 பேரில் ஒருவருக்குத்தான். சிறிய ஆய்வு, அதே அளவு பலனைப் பெரிய ஆய்வு எதுவும் நிலைநாட்டவில்லை. ஆனால் ‘இது எல்லாம் மனப்பிரமை’ என்று நைனாவிடம் சொன்னவர்கள் தவறு. அவருக்குக் கிடைத்த நிம்மதி நிஜம்.

சிக்கல் நாலைந்து வாரத்துக்கு மேல் போகும்போது வருகிறது. மூளை இந்த மருந்துக்குப் பழகி, தன் சொந்த அமைதி ரசாயனத்துக்கு மதிப்புக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அதே நிம்மதிக்கு அதிக மாத்திரை தேவைப்படுகிறது. அல்பிரசோலாம் சீக்கிரம் உடம்பை விட்டு இறங்கும், பாதி மருந்து வெளியேற ஏறக்குறைய 11 மணி நேரம். குளோனசெபாம் மெதுவாக இறங்கும், 30 முதல் 40 மணி நேரம். அதனால் அல்பிரசோலாம் சாப்பிடுபவர்களுக்கு மறுநாள் பகலிலேயே படபடப்பு திரும்பும். அதோடு இரைச்சலும் எழும்ப, வியாதி முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள். உண்மையில் மருந்து இறங்கும்போது கிளம்பும் இரைச்சல் அது. பென்சோடயசிபைனைச் சட்டென்று நிறுத்துவதே காதிரைச்சலைக் கொண்டுவரும் காரணங்களில் ஒன்று. அது மட்டுமா, வலிப்பும் வரலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதும் இதனால் நடக்கிறது. பழக்கமாகிவிடும் அபாயம், நிறுத்தும்போது வரும் ஆபத்து இரண்டையும் பற்றிய கடும் எச்சரிக்கையை இந்த மருந்துகள் எல்லாவற்றின் மேலும் 2020-இல் அமெரிக்காவில் அச்சிடச் சொன்னார்கள். நம் நாட்டில் அல்பிரசோலாம் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு நம்மைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்பதை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, கோபத்தில் அத்தனை அட்டையையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். “இனிமே இது வேணாம் நைனா” என்றேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ராத்திரி அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. டம்ளரைப் பிடித்த கை நடுங்கி, தண்ணீர் லுங்கியில் சிந்திக்கொண்டிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. “ரெண்டு எஞ்சின் ஓடுதும்மா” என்று மட்டும் சொன்னார். மாத்திரை தொடங்கியதில் எங்கள் தப்பு எதுவும் இல்லை. அதை ஒரே நாளில் நிறுத்தியது என் தப்பு. விடிந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கினார், குறைப்பதற்காக. அரையாக, காலாக, ஒவ்வொரு படிக்கும் சில வாரம் விட்டு, மாதக் கணக்கில் இறக்க வேண்டும் என்றார். எப்படி இறக்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் டாக்டர் கையில்தான் அது இருக்க வேண்டும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா ஒவ்வொரு நாளும் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதிவைத்தார்.

அந்த டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம்தான் கடினமாக இருந்தது. மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள் என்றார். நைனா அங்கேயே எழுந்துவிட்டார். “என்னிய கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறீங்களா? எனக்குக் காதுதான் கோளாறு.” சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றால் அது ஓர் ஊரின் பெயர் மட்டும் இல்லை. 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தை வைத்து எத்தனை தலைமுறை ஒருவரையொருவர் திட்டியிருக்கிறோம்! அந்தத் திட்டெல்லாம் சேர்ந்து ஒரு மனிதனை அவனுக்குத் தேவையான மருந்திலிருந்து விலக்கி நிறுத்துகிறது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “ஐயா, சத்தம் உங்க கற்பனைன்னு நான் சொல்லல. சத்தம் இருக்கு. அது உங்க தூக்கத்தைக் கெடுத்து, மனசைக் கெடுத்திருக்கு. கெட்டுப்போன ரெண்டையும் சரி பண்ண மருந்து இருக்கு.”

மனச்சோர்வுக்கான மருந்துகள் இரைச்சலை அழிக்காது. முன்பு சொன்ன அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி இவற்றைக் காதிரைச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதே சமயம் இரைச்சலோடு மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருந்தால் அதற்குச் சிகிச்சை கொடுக்கத்தான் வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் பலர் காதில் விழுவதில்லை. ‘மருந்தே கிடையாது, வீட்டுக்குப் போ’ என்று அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேருக்காவது இது சொல்லப்பட்டிருந்தால் எவ்வளவு ராத்திரிகள் மிஞ்சியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பும் சிலருக்கு இரைச்சலும் கூடலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அமிட்ரிப்டிலின் தூக்கத்தைக் கொடுக்கும், கூடவே வாய் உலரும், மலம் இறுகும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை, இதயத் தொல்லை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அளவுக்கு மீறினால் இதயத்தைத் தாக்கும், அதனால் வீட்டில் மனம் உடைந்தவர் இருந்தால் அட்டை இன்னொருவர் கையில் இருப்பது நல்லது. தட்டச்சு இயந்திரம் போல விட்டு விட்டுத் தட்டும் ஓர் அபூர்வ இரைச்சல் இருக்கிறது, அதற்கு வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் நன்றாகக் கேட்கும். அது வேறு கதை, நரம்பின் மேல் ரத்தக்குழாய் உரசுவதால் வருவதாகக் கருதப்படுகிறது.

இரைச்சல் தாங்காமல் சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாகவோ நாடகமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம்.

மருந்து தூக்கத்தைத் திரும்பக் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை தொடங்க முடிந்தது. கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராமில் நைனாவுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது, சத்தத்தில் வேலை செய்பவர்களின் காதில் வரும் அதே பள்ளம். காதொலிக் கருவி வைத்ததும் வெளி ஒலி உள்ளே வந்தது, மூளை தேடுவது கொஞ்சம் குறைந்தது. காது கேட்காமை இருப்பவர்களுக்கு எல்லா வழிகாட்டிகளும் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் எங்கள் பக்கம் கடைசியில் செய்வதும் இதைத்தான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக விலையில்லாமலே கருவி பெற வழி இருக்கிறது, சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். மனநலப் பிரிவில் மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள். இரைச்சல் கேட்டதும் மனதில் ஓடும் முதல் எண்ணம் என்ன என்று நைனாவைக் கேட்டார்கள். “இது நிக்காது, நான் செத்துருவேன்.” இதன் முதல் பாதி உண்மையாக இருக்கலாம், இரண்டாம் பாதி உண்மையில்லை என்று அவரே சொல்லிப் பழகச் சில மாதம் ஆனது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் இந்தச் சிகிச்சைக்கு இருக்கும் ஆய்வுச் சான்று எந்த மாத்திரைக்கும் இல்லை. தமிழில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எண்ணிக்கைதான் வலிக்கும் அளவுக்குக் குறைவு.

குளோனசெபாம் இப்போது இல்லை. இன்னொரு மாத்திரை ராத்திரி ஒன்று போகிறது. அது எதற்கு, எப்போது மறுபடி பார்த்துக் குறைப்பார்கள் என்று நைனாவுக்கே தெரியும், கேட்டால் சொல்வார். ஃபேன் ஓடுகிறது, மூன்றில் வைத்தது ஒன்றுக்கு இறங்கியிருக்கிறது. இரைச்சல் போகவில்லை. “கெடக்குது ஒரு மூலைல” என்கிறார்.

தடைக்காலம் நெருங்குகிறது. அவரிடம் வேலை கற்கும் பையன்கள் இரண்டு பேர், ஒருவனுக்கு 19, இன்னொருவனுக்கு 22. பிராட்வேயில் போய்க் காதுக்கவசம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். எத்தனை என்று கேட்டேன். இரண்டு என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“மூணா வாங்கிடும்மா.”